துறைக்கு ஒரு ஹீரோ தேவை

ஊழல் போலீஸைக் காட்டிய படங்கள் ஏராளம். அந்த ஊழலுக்கு ஊரே கைதட்டிப் பதக்கம் குத்துவதைக் காட்டிய படம் 'எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்'.

1951 டிசம்பர் 16ஆம் தேதி 'டிராக்நெட்' தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தது. வானொலியில் 1949 முதலே சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த தொடர் அது. கதாநாயகன் சார்ஜென்ட் ஜோ ஃபிரைடே, லாஸ் ஏஞ்சலஸ் நகரப் போலீஸ்காரர், பேட்ஜ் எண் 714. லஞ்சம் வாங்க மாட்டார், கை நீட்ட மாட்டார், கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் நகர மாட்டார். கதைகளுக்கான வழக்குகளைப் போலீஸ் துறையே கொடுத்தது. பதிலுக்குத் திரைக்கதைகள் துறையின் பார்வைக்குப் போய் ஒப்புதல் வாங்கி வந்தன.

அடுத்த ஒன்பதாம் நாள் கிறிஸ்துமஸ். அதிகாலையில் அதே துறையின் மத்தியச் சிறையில் ஏழு இளைஞர்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஐந்து பேர் மெக்சிக வம்சாவளியினர், இரண்டு பேர் வெள்ளையர். முந்தைய இரவு ஒரு மதுக்கடையில் போலீஸாரோடு கைகலப்பு. அதில் அடிபட்ட போலீஸ்காரருக்கு ஒரு கண்ணே போய்விட்டது என்று ஸ்டேஷனில் வதந்தி கிளம்பியது. அங்கே கிறிஸ்துமஸ் பார்ட்டி நடந்துகொண்டிருந்தது. குடித்திருந்தவர்கள் லாக்கப்புக்குள் இறங்கினார்கள். சுமார் 50 போலீஸ்காரர்கள் அந்த ஏழு பேரை ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக அடித்து நொறுக்கினார்கள். கண் போனதாகச் சொல்லப்பட்டது பொய்.

விஷயம் உள்ளுக்குள்ளேயே அமுங்கிவிடும் என்றுதான் துறை நினைத்தது. மெக்சிக அமெரிக்கச் சமூகம் விடவில்லை. அடிபட்டவர்கள் மீதே போடப்பட்ட வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது உண்மை வெளியே வந்தது. எட்டுப் போலீஸ்காரர்கள் மீது குற்றச்சாட்டு பதிவாகி, ஐந்து பேர் தண்டனை பெற்றார்கள். 54 பேருக்கு இடமாற்றம், 39 பேர் சஸ்பெண்ட். லாஸ் ஏஞ்சலஸ் வரலாற்றில் அதற்கு 'ரத்தக் கிறிஸ்துமஸ்' என்று பெயர்.

தொலைக்காட்சியில் ஒரு போலீஸ், லாக்கப்பில் இன்னொரு போலீஸ். கர்டிஸ் ஹான்சன் 1997இல் எடுத்த 'எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்' இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிறது. ஜேம்ஸ் எல்ராய் 1990இல் எழுதிய நாவல்தான் மூலம். நகரம், காலம், லாக்கப் அடிதடி எல்லாம் நிஜத்திலிருந்து வந்தவை. கதையின் முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு மேலே படிக்கலாம்.

மூன்று போலீஸ்காரர்கள்

பட் ஒயிட் முரடன். பெண்ணை அடிப்பவனைக் கண்டால் சட்டம் மறந்துவிடும். அப்பா தன் கண் முன்னாலேயே அம்மாவை அடித்துக் கொன்றதைப் பார்த்து வளர்ந்தவன். ஜாக் வின்சென்ஸ் பகட்டுக்காரன். 'பேட்ஜ் ஆஃப் ஹானர்' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு ஆலோசகர். சினிமாக்காரர்களை எங்கே, எப்போது கைது செய்யப்போகிறான் என்று கிசுகிசுப் பத்திரிகைக்காரனிடம் முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொரு தடவையும் 50 டாலர் வாங்குகிறவன். எட் எக்ஸ்லி கண்ணாடி போட்ட படிப்பாளி. பணியில் இறந்த புகழ்பெற்ற போலீஸ்காரரின் மகன். விதிப்புத்தகத்தை விட்டு விலகாதவன்.

ஆனால் எக்ஸ்லியின் நேர்மையை முதல் அரைமணி நேரத்திலேயே உரசிப் பார்க்கிறது படம். லாக்கப் அடிதடி பற்றிய விசாரணையில் சாட்சி சொல்ல யாரும் முன்வருவதில்லை. எக்ஸ்லி வருகிறான். வருவதோடு நிற்காமல், பென்ஷன் உறுதியாகிவிட்ட பழையவர்கள் தலையில் பழியைப் போடலாம், ஓரிருவரைப் பலிகொடுத்தால் பத்திரிகைகள் அடங்கிவிடும் என்று மேலதிகாரிகளுக்கு யோசனையும் சொல்கிறான். கைம்மாறாக டிடெக்டிவ் லெப்டினன்ட் பதவி கேட்கிறான், வாங்குகிறான். அவன் சொன்ன சாட்சியம் அத்தனையும் உண்மை. அந்த உண்மையை விற்கத் தெரிந்ததுதான் அவன் திறமை.

இந்த மூவருக்கும் மேலே கேப்டன் டட்லி ஸ்மித். அயர்லாந்துக்காரரின் இனிய பேச்சு, 'தம்பி' என்று தோளில் கைபோடும் பாசம். தொடக்கத்தில் அவர் எக்ஸ்லியிடம் மூன்று கேள்விகள் கேட்கிறார். குற்றவாளி என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்தவனைச் சிக்கவைக்கப் பொய் ஆதாரம் வைப்பாயா? வாக்குமூலத்துக்காக அடிப்பாயா? கோர்ட்டில் தப்பித்துவிடுவான் என்று தெரிந்தால் முதுகில் சுடுவாயா? மூன்றுக்கும் எக்ஸ்லி மாட்டேன் என்கிறான். அப்படியானால் டிடெக்டிவ் வேலை உனக்கு வேண்டாம் என்கிறார் டட்லி. கேள்விகளை டட்லி வெளிப்படையாகவே கேட்கிறார். துறையில் இது ரகசியமில்லை, தகுதித் தேர்வு.

விசாரணை அறை

'நைட் ஔல்' என்ற காபிக் கடையில் ஒரு இரவு பலர் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். இறந்தவர்களில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட போலீஸ்காரன் ஒருவனும் உண்டு. உடனே மூன்று கறுப்பின இளைஞர்கள் பிடிபடுகிறார்கள். அவர்கள் காரில் துப்பாக்கிகள் கிடைக்கின்றன. பிறகு நடக்கும் விசாரணைக் காட்சியை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மூவரும் மூன்று அறைகளில். நடுவில் ஒலிபெருக்கி ஸ்விட்ச். ஒருவன் பேசுவதில் எந்த வரி அடுத்தவன் காதில் விழ வேண்டுமோ, அந்த வரிக்கு மட்டும் எக்ஸ்லி ஸ்விட்சைப் போடுகிறான். கை ஓங்கவில்லை, குரல் உயரவில்லை. நண்பன் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று ஒவ்வொருவனையும் நம்பவைத்துக் கரைக்கிறான். இருட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் சக போலீஸ்காரர்கள் வாயடைத்துப் பார்க்கிறார்கள். அப்போது பேச்சுவாக்கில் இன்னொரு விஷயம் கசிகிறது. ஒரு பெண் எங்கோ அடைத்துவைக்கப்பட்டிருக்கிறாள். பட் ஒயிட்டின் பொறுமை முறிகிறது. உள்ளே பாய்ந்து துப்பாக்கி முனையை ஒருவன் வாயில் திணித்து விலாசத்தைக் கறக்கிறான்.

அடுத்த காட்சியில் அந்த வீட்டுக்குள் ஒயிட் தனியாகப் போகிறான். பெண்ணை அடைத்துவைத்திருந்தவன் உட்கார்ந்திருக்கிறான், கையில் ஆயுதமில்லை. ஒயிட் சுட்டுக் கொல்கிறான். கொண்டுவந்த இன்னொரு துப்பாக்கியால் தன் பக்கமாக ஒரு குண்டைச் சுட்டுவிட்டு, அதைப் பிணத்தின் கையில் வைக்கிறான். நமக்குப் பழக்கமான 'தற்காப்புக்காகச் சுட்டோம்' அறிக்கை தயார். தியேட்டரில் அந்த இடத்தில் முகம் சுளிப்பவர்கள் குறைவு. பெண் காப்பாற்றப்பட்டாள், அயோக்கியன் செத்தான் என்ற திருப்தியில் பொய் ஆதாரத்தை நாமும் சேர்ந்து விழுங்கிவிடுகிறோம். டட்லியின் முதல் இரண்டு கேள்விகளுக்கும் பார்வையாளரான நாம் சரி என்று சொல்லியாகிவிட்டது.

பிறகு தப்பியோடிய மூன்று இளைஞர்களையும் எக்ஸ்லி சுட்டுக் கொல்கிறான். வீரப் பதக்கம் கிடைக்கிறது. துறை கேலி செய்த படிப்பாளிக்கு இப்போது மரியாதை. ஆனால் காபிக் கடைக் கொலைகளை அவர்கள் செய்யவே இல்லை. காப்பாற்றப்பட்ட பெண் நேரத்தை மாற்றிப் பொய் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று எக்ஸ்லி கேட்கும்போது அவள் சொல்லும் நியாயம் படத்திலேயே கூர்மையானது. ஏழை மெக்சிகப் பெண்ணைச் சீரழித்ததற்காக இந்த ஊரில் யார் அவர்களைத் துரத்தியிருப்பார்கள்? வெள்ளையர்களைக் கொன்றார்கள் என்று ஆனதால்தானே நீதி கிடைத்தது?

இந்த இடத்தில் படத்தின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். செய்யாத கொலைக்காகச் சாகும் அந்த மூவரும் வேறொரு கொடுமையைச் செய்தவர்களாகக் கதை அமைத்திருக்கிறது. அதனால் அவர்களுக்காக நாம் வருந்துவதில்லை. முற்றிலும் நிரபராதிகளாக இருந்திருந்தால் எக்ஸ்லியின் பதக்கத்தைப் பார்க்கவே நமக்குக் கூசியிருக்கும்.

ரோலோ டொமாசி

நகரத்தின் பெரிய ரவுடி மிக்கி கோஹன். நிஜ மனிதர்தான். 1951இல் வருமான வரி ஏய்ப்பு வழக்கில் சிறைக்குப் போனார். படத்தின் கதை அந்த வெற்றிடத்தில் தொடங்குகிறது. கோஹனின் ஆட்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். பிழைக்க வரும் வெளியூர் ரவுடிகள் 'விக்டரி மோட்டல்' அறையில் உதைபட்டு ஊரைவிட்டு விரட்டப்படுகிறார்கள். போலீஸ் நகரத்தைச் சுத்தம் செய்கிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில் டட்லி போட்டியாளர்களை ஒழித்துவிட்டு ஹெராயின் வியாபாரத்தைத் தன் கைக்குக் கொண்டுவருகிறார். காபிக் கடைக் கொலைகள் அவருடைய ஆட்கள் செய்தவை. காரில் கிடைத்த துப்பாக்கிகளும் அவர்கள் வைத்தவை.

முடிச்சு அவிழும் விதம் திரைக்கதைப் பாடம். எக்ஸ்லியின் அப்பாவைக் கொன்றவன் பிடிபடவே இல்லை. முகமில்லாத அந்தக் கொலைகாரனுக்கு எக்ஸ்லி தானே ஒரு பெயர் வைத்திருக்கிறான்: ரோலோ டொமாசி. அதை வின்சென்ஸிடம் மட்டும் ஒருநாள் சொல்கிறான். நீ ஏன் போலீஸில் சேர்ந்தாய் என்று திருப்பிக் கேட்கிறான். ஞாபகமில்லை என்கிறான் வின்சென்ஸ்.

அந்தப் பதிலைச் சொல்லும் வின்சென்ஸ் ஏற்கெனவே மாறத் தொடங்கியவன். பத்திரிகைக்காரனோடு சேர்ந்து விரித்த வலையில் ஒரு இளம் நடிகனை மாட்டிவிடச் சம்மதித்து 50 டாலர் வாங்கியிருந்தான். மதுக்கடையில் உட்கார்ந்தவன் எதிரே கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறான். அந்த நோட்டைக் குடிக்காத கிளாஸின் மேல் வைத்துவிட்டு எழுந்து போகிறான். ஒரு வசனமும் கிடையாது. போய்ச் சேர்வதற்குள் அந்தப் பையன் கொல்லப்பட்டிருக்கிறான்.

துப்பு துலக்கிக்கொண்டு வின்சென்ஸ் நடு இரவில் டட்லியின் வீட்டுக்குப் போகிறான். அவர்தான் ஆள் என்று தெரியாமல் அவரிடமே விவரம் கேட்கிறான். சமையலறையில் பேசிக்கொண்டிருக்கும்போதே டட்லி சுட்டுவிடுகிறார். சாகும்போது வின்சென்ஸ் மெல்லிய சிரிப்போடு ரோலோ டொமாசி என்கிறான். மறுநாள் டட்லி, வின்சென்ஸின் கூட்டாளி ரோலோ டொமாசி யார் என்று எக்ஸ்லியிடம் சாதாரணமாக விசாரிக்கிறார். உலகத்தில் மூன்றாவது ஆளுக்குத் தெரிந்திருக்க முடியாத பெயர். எக்ஸ்லியின் முகத்தில் ஒரு தசைகூட அசைவதில்லை, ஆனால் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. எல்ராயின் நாவலில் இந்தப் பெயரே கிடையாது. திரைக்கதைக்காக ஹான்சனும் பிரையன் ஹெல்கலேண்டும் புதிதாக உருவாக்கியது.

விக்டரி மோட்டலில் கடைசித் துப்பாக்கிச் சண்டை. போலீஸ் கார்களின் சைரன் நெருங்குகிறது. பேட்ஜை உயர்த்திக் காட்டியபடி வெளியே நடந்தால் போதும், டட்லி மறுபடியும் கேப்டன்தான். அவர் நடக்கிறார். எக்ஸ்லி முதுகில் சுடுகிறான். மூன்றாவது கேள்விக்கும் பதில் மாறிவிட்டது.

அதற்கும் மேல் ஒரு காட்சி இருக்கிறது. இப்போது விசாரணை அறையில் உட்கார்ந்திருப்பவன் எக்ஸ்லி. கண்ணாடிக்குப் பின்னால் போலீஸ் தலைவரும் அரசு வழக்கறிஞரும். நடந்ததையெல்லாம் எக்ஸ்லி சொல்லி முடிக்கிறான். வெளியே தெரிந்தால் துறையின் மானம் போய்விடும் என்று அவர்கள் கையைப் பிசைகிறார்கள். டட்லி வீரமரணம் அடைந்ததாக அறிவித்துவிடலாமே என்ற வழி பிறக்கிறது. உள்ளே எக்ஸ்லி புன்னகைக்கிறான். அவர்கள் இந்த முடிவுக்கு வருவார்கள் என்று அவனுக்கு முன்பே தெரியும். அப்படியானால் உங்களுக்கு ஒரு ஹீரோ போதாது என்கிறான். இரண்டாவது பதக்கம் அவன் நெஞ்சில் ஏறுகிறது. கொலைகாரன் தியாகி ஆகிறான். நியாயம் நடந்துவிட்டது, உண்மைதான் வெளியே வரவில்லை.

பிறந்தநாள் பரிசாக வந்த புத்தகம்

இந்தக் கதை எழுதப்பட்ட பின்னணி கதையை விட விசித்திரம். எல்ராய் 1948இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். 1958 ஜூனில் அவருடைய அம்மா எல் மான்டே என்ற புறநகரில் கொலை செய்யப்பட்டார். மகனுக்கு வயது பத்து. கொலையாளி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அடுத்த பிறந்தநாளுக்கு அப்பா ஒரு புத்தகம் வாங்கிக்கொடுத்தார். பெயர் 'தி பேட்ஜ்'. எழுதியவர் ஜாக் வெப், 'டிராக்நெட்' தொடரில் ஜோ ஃபிரைடேயாக நடித்தவரேதான். தொலைக்காட்சியில் காட்ட முடியாத வழக்குகளைச் சொல்லி லாஸ் ஏஞ்சலஸ் போலீஸின் புகழ் பாடும் புத்தகம் அது. 1947இல் நடந்த 'பிளாக் டாலியா' கொலையைப் பற்றி அந்தச் சிறுவன் அதில்தான் படித்தான்.

போலீஸின் புகழ் பாட எழுதப்பட்ட புத்தகமே அந்தப் புகழைக் கிழிக்கும் நான்கு நாவல்களுக்கு விதையானது. 'பிளாக் டாலியா' 1987இல், 'தி பிக் நோவேர்' 1988இல், 'எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்' 1990இல், 'ஒயிட் ஜாஸ்' 1992இல் வந்தன. படத்தில் வரும் 'பேட்ஜ் ஆஃப் ஹானர்' தொடர் 'டிராக்நெட்'டின் நிழல். கிசுகிசுப் பத்திரிகை 'ஹஷ்-ஹஷ்', 1952இல் தொடங்கி ஹாலிவுட்டை நடுங்கவைத்த 'கான்ஃபிடென்ஷியல்' பத்திரிகையின் நிழல். ஒன்று போலீஸைக் கடவுளாக்குகிறது, மற்றது சினிமாக்காரர்களின் மானத்தை வாங்குகிறது. இரண்டுக்கும் செய்தி கொடுப்பது ஒரே ஸ்டேஷன்.

வெயிலில் ஒரு நுவார்

1940களின் நுவார் எனும் இருண்ட குற்றப்படங்கள் என்றால் நிழல், மழை, புகை. லாஸ் ஏஞ்சலஸின் பளீர் வெயிலில் அதே இருட்டைக் காட்டினார் ஹான்சன். அந்த ஊரில் வளர்ந்தவர் அவர். தயாரிப்பாளர் ஆர்னன் மில்ச்சனிடம் கதை சொல்லப் போனபோது பழைய தபால் அட்டைகளையும் புகைப்படங்களையும் அடுக்கிக் காட்டினார். முதலில் ஆரஞ்சுத் தோட்டம், கடற்கரை, சினிமா நட்சத்திரங்கள். இது ஊர் தன்னைப் பற்றி விற்ற படம். பிறகு அதற்கு அடியில் இருந்த ஊர். ஒளிப்பதிவாளர் டான்டே ஸ்பினோட்டியிடம், பழைய காலத்தைக் காட்டுகிறோம் என்ற ஏக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, இன்று நடக்கிற கதைபோல எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இசை ஜெர்ரி கோல்ட்ஸ்மித். அதே நகரத்தின் தண்ணீர் ஊழலைச் சொன்ன 1974ஆம் ஆண்டின் 'சைனாடவுன்' படத்துக்கும் இசை அவர்தான்.

பழைய நுவாருக்கு வாய்ப்பூட்டு இருந்தது. ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1930களிலிருந்து 1968 வரை நடைமுறையில் இருந்தன. சட்டத்தின் மீது அவமதிப்பு வரக் கூடாது, குற்றம் தண்டிக்கப்பட்டே ஆக வேண்டும். ஃபிரிட்ஸ் லாங்கின் 'தி பிக் ஹீட்' 1953இல் வந்தது. ஹான்சன் படத்தின் கதை நடப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். அதிலும் மேலதிகாரிகள் ரவுடியின் சட்டைப்பையில் இருக்கிறார்கள். ஆனால் கடைசியில் அழுக்கு வெளியே வருகிறது, நேர்மையான டிடெக்டிவ் தன் மேசைக்குத் திரும்புகிறார். பிற்காலத்து நியோ-நுவார் அந்த ஆறுதலைத் தருவதில்லை. எக்ஸ்லியும் தன் மேசைக்குத் திரும்புகிறான், பொய்யில் பங்குதாரனாக.

எட்டு வருடக் கதையும் எண்ணற்ற கிளைகளும் கொண்ட நாவலை இரண்டேகால் மணி நேரப் படமாக்குவது எளிதாக இருக்கவில்லை. மூன்று போலீஸ்காரர்களும் இல்லாத காட்சிகளை வெட்டுவது என்று தொடங்கினார்கள். நாவலில் டட்லி சாவதில்லை, தண்டனையும் இல்லை. படம் அந்த அளவில் சமரசம் செய்துகொண்டது. அமெரிக்கர்கள் அவ்வளவாக அறிந்திராத இரண்டு நடிகர்களை ஹான்சன் பிடிவாதமாகப் போட்டார். ரஸ்ஸல் குரோ, கை பியர்ஸ், இருவரும் ஆஸ்திரேலியச் சினிமாவிலிருந்து வந்தவர்கள். முகம் பழகாததால் யார் நல்லவன், யார் சாவான் என்று ஊகிக்க முடியவில்லை. ஒன்பது ஆஸ்கர் பரிந்துரைகள். 'டைட்டானிக்' 11 விருதுகளை அள்ளிய அந்த வருடத்தில் திரைக்கதைக்கும் துணை நடிகை கிம் பேசிங்கருக்கும் என இரண்டு கிடைத்தன. 2015இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

படம் முடிந்த பிறகு

ரத்தக் கிறிஸ்துமஸ் நடந்தபோது போலீஸ் தலைவராக இருந்தவர் வில்லியம் பார்க்கர். 1950 முதல் 1966இல் இறக்கும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். மாமூலுக்குப் பேர்போன துறையைக் கண்டிப்பால் மாற்றினார் என்பது உண்மை. துறையை விசாரிக்க வெளியாட்களுக்கு உரிமை இல்லை என்று கதவைச் சாத்தியவரும் அவர்தான். அவருக்குக் கார் ஓட்டிய இளம் போலீஸ்காரர் டாரில் கேட்ஸ் 1978இல் தலைவரானார். 1991 மார்ச் 3ஆம் தேதி ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸார் தடிகளால் அடித்தபோது, எதிர்க் குடியிருப்பிலிருந்து ஒருவர் வீடியோ எடுத்தார். அந்த நாடா இல்லையென்றால் போலீஸ் அறிக்கைதான் வரலாறாகியிருக்கும். வீடியோ இருந்தும் 1992 ஏப்ரலில் நடுவர் குழு அந்தப் போலீஸ்காரர்களைத் தண்டிக்கவில்லை. மூண்ட கலவரத்தில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஹான்சன் 1996இல் படப்பிடிப்பு நடத்தினார். அதே வருடம் அதே நகரத்தின் ராம்பார்ட் பகுதியில், ரவுடி ஒழிப்புப் பிரிவைச் சேர்ந்த இரண்டு போலீஸ்காரர்கள் ஆயுதமில்லாத 19 வயது இளைஞர் ஒருவரைச் சுட்டார்கள். பிறகு அவர் பக்கத்தில் ஒரு துப்பாக்கியை வைத்தார்கள். இடுப்புக்குக் கீழே செயலிழந்த அவருக்கு, போலீஸைத் தாக்கியதாக 23 வருடச் சிறை. ஆதார அறையிலிருந்த கொக்கைனைத் திருடி மாட்டிக்கொண்ட அந்தப் போலீஸ்காரர்களில் ஒருவர் 1999இல் அப்ரூவராகி உண்மையைச் சொன்ன பிறகே அந்த இளைஞர் வெளியே வந்தார். அந்த ஊழலில் 100க்கும் மேற்பட்ட தண்டனைகள் ரத்தாயின. இழப்பீடாக நகராட்சி பல கோடி டாலர் கொடுத்தது. 2001 முதல் 2013 வரை துறை கூட்டாட்சி நீதிமன்றத்தின் கண்காணிப்பில் இருந்தது. டட்லியின் ஆட்கள் காரில் துப்பாக்கி வைத்ததைக் கற்பனை என்று ரசித்தவர்களுக்கு இரண்டே வருடத்தில் அது செய்தியாக வந்தது.

ரத்தக் கிறிஸ்துமஸில் நீதிமன்றம், ராட்னி கிங் விஷயத்தில் யாரோ ஒருவரின் வீடியோ, ராம்பார்ட்டுக்குப் பிறகு கூட்டாட்சி நீதிபதி. நிஜத்தில் கொஞ்சமாவது மாற்றம் வந்த இடங்களிலெல்லாம் வெளியாள் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். படத்தில் அப்படி ஒருவர்கூட இல்லை. குற்றம் செய்தவர், கண்டுபிடித்தவர், சுட்டவர், தீர்ப்புச் சொன்னவர், பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்தவர் எல்லோரும் உள்ளாட்கள். எக்ஸ்லி நல்லவனா, காரியவாதியா என்று விவாதித்துக்கொண்டே தியேட்டரைவிட்டு வருகிறோம். துறைக்கும் அந்த விவாதம்தான் வேண்டும். ஹீரோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்வரை கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை.